கோமதிநாயகம் பிள்ளை தட்டிக்கழித்த பட்டணங்கள்

சத்தியம். எந்தக் கோயில் வாசலுக்கு வேண்டுமானாலும் கூப்பிடுங்கள், சூடத்தை ஏற்றி உள்ளங்கையால் அணைத்துச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. கூட்டியோ குறைத்தோ ஒரு சொல் சொல்லியிருந்தால் என் நாக்கு இன்றைக்கே மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளட்டும். வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்த மனுஷன் மனசுக்குள் ஓடியது உமக்கு எப்படி ஐயா தெரியும் என்று கேட்பீர்கள். தெரியும். அவ்வளவுதான். நம்புகிறவர் மேலே கேட்கலாம், நம்பாதவரும் கேட்கலாம், நமக்கு ஆட்சேபம் இல்லை.

பாளையங்கோட்டை பல் டாக்டர் எஸ்தர் ஜெபக்கனி, கோமதிநாயகம் பிள்ளையின் இடது கடைவாய்ப்பல்லைப் பிடுங்கி எடுத்து, பள்ளத்தில் ஒரு பஞ்சுருண்டையை வைத்து, “இறுக்கிக் கடிங்க ஐயா. அரை மணி நேரம் வாயைத் திறக்கப்படாது. பேசப்படாது, துப்பப்படாது, ஊறுறதை முழுங்கிருங்க” என்று சொல்லி முன்னறையில் கொண்டுவந்து உட்கார்த்தினாள். அவர் உட்கார்ந்த சூடு நாற்காலியில் ஏறுவதற்குள், பக்கத்தில் இருந்த அவர் மனைவி ஆவுடையம்மாளின் பைக்குள் போன் அடித்தது. அடித்ததுமே பிள்ளைக்கு விளங்கிவிட்டது. சதி. இல்லாவிட்டால் இந்தப் பல் மூன்று மாதமாக வலிக்கிற பல். மூன்று மாதமும் கிராம்பை அடக்கிக்கோங்க, உப்புத்தண்ணியைக் கொப்புளிங்க என்று ஒப்பேற்றிக்கொண்டிருந்தவள், நேற்று ராத்திரி சாப்பாட்டில் மோரை ஊற்றிக்கொண்டே, ‘நாளைக்குச் சாயங்காலம் டாக்டர்ட்ட சொல்லியாச்சு’ என்கிறாள். ஏன் நாளைக்கு? ஏன் சாயங்காலம்? லண்டனில் அப்போது பையனுக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம், போன் பேசத் தோதான நேரம் என்பது இவளுக்குத் தெரியாதா? பல்லைப் பிடுங்கினால் அரை மணி நேரம் பேசக்கூடாது என்பது போன வருஷம் இவள் பல்லைப் பிடுங்கியபோதே இவளுக்குத் தெரியுமே? ஒரு மனுஷன் வாயை அடைக்க வேறு வழியில்லாமல் டாக்டரைக் கூலிக்குப் பிடித்திருக்கிறாள். அந்த டாக்டரம்மாவும் ஊசி போடும்போது கண்ணால் சிரித்த மாதிரி இருந்ததே. முகத்தில் கவசம் போட்டிருந்தாள், வாயால் சிரித்தாளா என்று யார் கண்டது.

“ஏல லிங்கம், சாப்பிட்டியால?” என்று ஆவுடை ஆரம்பித்தாள். எப்போதும் அப்படித்தான் ஆரம்பிப்பாள், சாப்பிட்டியா என்று. என்ன சாப்பிட்டாய் என்று கேட்கமாட்டாள். கேட்டால் பதில் வந்துவிடுமோ என்று பயம். குற்றாலிங்கம், ஒரே மகன், லண்டன் ஆஸ்பத்திரியில் எலும்பைப் படம் எடுக்கிற வேலை. நாள் பூராவும் எலும்பைப் பார்க்கிறவன் ஒரு நாள் கடித்துப் பார்க்காமலா இருப்பான் என்பது பிள்ளையின் பழைய சந்தேகம். அந்தச் சந்தேகத்தின் மேல் இன்னொன்று வந்து ஏறி உட்கார்ந்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால். லியா என்று ஒரு யூதப் பெண், கூட வேலை பார்க்கிறவள், கல்யாணம் செய்துகொள்கிறேன் என்றான். செய்துகொள்ளாதே என்றார். பதிவு அலுவலகத்தில் செய்துகொண்டான். உன் வீட்டு வாசப்படியை மிதிக்கமாட்டேன், உன்னோடு ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று சொல்லி போனை வைத்தவர், இன்று வரைக்கும் பேசவில்லை. பேச்செல்லாம் ஆவுடை வழியாகத்தான், தபால்பெட்டி மாதிரி. இதில் வேடிக்கை என்னவென்றால் அந்தப் பெண்ணுடைய அப்பனும், லீட்ஸ் என்கிற ஊரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிற ஹைமன் என்கிறவர், அச்சு மாறாமல் அதையே சொன்னாராம், வாசப்படியை மிதிக்கமாட்டேன் என்று. எனக்கு முன்னால் சொன்னாரா, எனக்குப் பின்னால் சொன்னாரா? என்னைப் பார்த்துக் காப்பியடித்தாரா? இப்போது ஏழு மாதத்தில் ஒரு பெண்குழந்தை, மாயா என்று பேர். நம்ம பக்கத்துக்கும் செல்லும், அவர்கள் பக்கத்துக்கும் செல்லும் என்று தேடிப்பிடித்த பேர், கள்ள முத்திரை குத்தின எடைக்கல் மாதிரி இரண்டு சந்தையிலும் ஓடுகிற பேர். அதற்கு முதல் சோறு ஊட்டவேண்டும். ஆறாம் மாதத்துச் சடங்கு, ஏற்கெனவே ஒரு மாதம் தாண்டிவிட்டது. இரண்டு தாத்தாக்களும் வாசப்படி மிதிக்காததால், வாசப்படி இல்லாத பொதுவான ஒரு பட்டணத்தில், ஐரோப்பாவில் எங்கேயாவது, எல்லாரும் ஒரு வாரம் கூடி இருந்து ஊட்டிவிடலாம் என்று இரண்டு சம்பந்தியம்மாள்களும் சேர்ந்து முடிவுகட்டியிருக்கிறார்கள். இவளுக்கு இங்கிலீஷ் தெரியாது, அவளுக்குத் தமிழ் தெரியாது, எந்த பாஷையில் முடிவுகட்டினார்கள்? கேட்டால், “அவ பேத்தி போட்டோ அனுப்புவா, நான் கோலம் போட்டோ அனுப்புவேன்” என்கிறாள். கோலத்திலேயே எல்லாம் பேசிவிடுகிறார்களோ என்னவோ, புள்ளி வைத்து.

“அப்பா பக்கத்திலதான் இருக்காக. பல்லைப் பிடுங்கிட்டாக, பேச முடியாது” என்றாள் ஆவுடை. போனுக்குள் லிங்கம் சிரித்த சத்தம் கேட்டது. “அப்ப இன்னைக்கு முடிச்சிருவோம்மா” என்றான். கேட்டீர்களா? கேட்டீர்களா ஊர்க்காரர்களே? அறையில் ஊர்க்காரர் யாருமில்லை, ஒரு கண்ணாடித்தொட்டியில் நாலு ஆரஞ்சு மீன் மட்டும் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. அதுகளுக்கு வாய் திறக்க அனுமதி இருக்கிறது. பிள்ளை கன்னத்தைத் தொட்டுப்பார்த்தார். தன் கன்னம் இல்லை. யாரோ வேறு ஆளின் கன்னத்தைக் கொண்டுவந்து ஒட்டவைத்திருக்கிறார்கள், மரத்துப்போய், வீங்கி, இந்த வாசலில் நுழையுமா என்கிற பருமனில். உதட்டின் பாதியைக் காணவில்லை. உதட்டைக் காணாத மனுஷன் தலையை ஆட்டித்தான் பதில் சொல்லவேண்டும். தலையாட்டலுக்கு அர்த்தம் சொல்கிற அதிகாரம் ஆவுடையிடம். இதைவிட மோசமான நீதிமன்றம் எங்கே உண்டு. அவர் விரலைத் தூக்கி, பொறு, என்றார். “தண்ணி வேணுமாம்” என்று போனில் சொன்னாள் ஆவுடை. “தண்ணி இப்ப குடிக்கப்படாதுங்க.”

ஆறு மாதமாக ஊர் ஊராகத் தட்டிவிட்டிருக்கிறார். அதில் அவரை மிஞ்ச ஆளில்லை. சர்வீஸ் பூராவும் எடையளவு முத்திரை ஆய்வாளர். தராசைப் பத்தடி தூரத்திலிருந்து பார்த்தே தட்டுக்கு அடியில் ஒட்டியிருப்பது புளியா மெழுகா என்று சொல்லிவிடுவார். தென்காசிச் சந்தைக்குள் அவர் ஜீப்பு நுழைகிற சத்தம் கேட்டதும் ஒரு கருப்பட்டிக் கடைக்காரனுடைய தராசு தானாகவே நேராகி நின்றது என்பார்கள்; நான் அதைப் பார்த்ததில்லை, அந்தத் தராசைப் பார்த்திருக்கிறேன். அப்பேர்ப்பட்டவரிடம் ரோமாபுரி என்றார்கள். விசாரித்தார். அந்த ஊர் பாலாடைக்கட்டியை உறைய வைப்பது கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கிற ஒரு சரக்கு. பாலுக்குள் கன்றுக்குட்டி! வேண்டாம். பாரிஸ் என்றார்கள். வெங்காய சூப்பு என்று பேர், அடியில் மாட்டெலும்புச் சாறு. வேண்டாம். பிரஸ்ஸல்ஸ் என்றார்கள். உருளைக்கிழங்கு வறுவலில் என்ன தப்பு சொல்லிவிடப்போகிறார் என்று நினைத்திருப்பார்கள். அதை மாட்டுக்கொழுப்பில் பொரிக்கிறான் என்று கண்டுபிடித்த அன்று ராத்திரி பிள்ளை ரொம்ப நாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினார். அந்த நிம்மதிதான் இப்போது பஞ்சைக் கடித்துக்கொண்டிருக்கையில் உறுத்துகிறது. குழந்தையைப் பார்க்க ஒரு ஊர் இல்லாமல் போனதில் நிம்மதி. இது என்ன நிம்மதி? ஆவுடை அப்போது இருட்டில், “உங்களுக்குச் சோறு பிரச்சினையா, பேத்தி பிரச்சினையா?” என்று கேட்டாள். தூங்கிவிட்ட மாதிரி மூச்சை இழுத்து விட்டார். அவளும் நம்பின மாதிரி திரும்பிப் படுத்தாள். யார் யாரை ஏமாற்றியது என்று இன்று வரைக்கும் விளங்கவில்லை.

நாக்கில் இரும்பு மாதிரி ஒரு ருசி. பஞ்சு ஊறிவிட்டது. முழுங்கிருங்க என்றாளே டாக்டர், முழுங்கினார், தொண்டைக்குழி தாண்டின பிறகுதான் உறைத்தது, இது ரத்தம் அல்லவா. ரத்தத்தைக் குடிக்கிறேன் அல்லவா. சைவப்பிள்ளை, அப்பன் தாத்தன் காலம் தொட்டு முட்டை போட்ட ரொட்டியைக்கூட எச்சரிக்கையாகப் பார்க்கிற குடும்பம், இங்கே கழுத்தில் சிலுவை போட்ட ஒரு வேதக்காரம்மா ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து சொட்டுச் சொட்டாக ரத்தம் குடித்துக்கொண்டிருக்கிறது. சொந்த ரத்தம் சைவமா, அசைவமா? உடம்புக்குள் ஓடுகிறபோது தோஷமில்லை. வெளியே வந்து வாய்க்குள் நின்று மறுபடி உள்ளே போனால்? வாய் உள்ளேயா வெளியேயா? இதை யாரிடம் கேட்பது. கோயில் ஓதுவாரிடம் கேட்டால் சிரிப்பார். டாக்டரம்மாவிடம் கேட்டால் ஐஸ்கிரீம் சாப்பிடச் சொல்வாள், பிடுங்கினதுமே சொன்னாள், ஐஸ்கிரீம் சாப்பிடுங்க, வலிக்கு இதமா இருக்கும் என்று. ஐஸ்கிரீமில் முட்டை உண்டா இல்லையா என்று அவளுக்கென்ன கவலை. ஆவுடையிடம் கேட்டால் ஆயுசுக்கும் சொல்லிச் சொல்லிக் காட்டுவாள். இந்த உலகத்தில் இந்தக் கேள்வியைச் சிரிக்காமல் காது கொடுத்துக் கேட்கக்கூடிய மனுஷன் யார் என்று யோசித்துக்கொண்டே போனவர் ஒரு இடத்தில் முட்டிக்கொண்டு நின்றார். அந்தக் கண்ணாடிக் கடைக்காரர். கோஷர் என்று அவர்கள் ஆசாரம். அந்த ஆசாரப்படி முட்டையை உடைத்து முதலில் ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்களாம், ஒரு பொட்டு ரத்தம் இருந்தாலும் கொட்டிவிடுவார்களாம், லிங்கம் சொல்லி ஆவுடை சொன்னது. பாலுக்கு ஒரு பாத்திரம், கறிக்கு ஒரு பாத்திரம், கழுவுகிற தொட்டிகூட வேறே. இரண்டும் ஒரு மேசையில் வராது. அப்பேர்ப்பட்டவர் இந்த ரத்த விஷயத்துக்குக் கண்டிப்பாக ஒரு விடை வைத்திருப்பார், நாலு உபவிதியோடு. சே. போயும் போயும் அவரையா நினைத்தேன். மருந்து மயக்கம். ஊசியில் என்னத்தைக் கலந்தார்களோ.

ஏனென்றால் அந்த ஆளும் லேசுப்பட்டவர் இல்லை, அவரும் தட்டிவிட்டவர்தான். இவர் மூன்று ஊரைத் தட்டினால் அவர் இரண்டு. பிராகு வேண்டாம், அங்கே கடை சரியில்லை என்றார். வியன்னா வேண்டாம் என்றார், காரணமே சொல்லவில்லை. காரணம் சொல்லாமல் தட்டுகிறவனைத்தான் ஜாஸ்தி சந்தேகப்படவேண்டும். வியன்னாவில் காப்பி நன்றாக இருக்கும் என்று எல்லாரும் சொல்கிறார்கள், பிள்ளைக்கே அதன்மேல் ஒரு கண் இருந்தது, அதனாலேயே, பார்த்தாயா, எனக்குப் பிடித்ததென்று மோப்பம் பிடித்து ஒழித்துவிட்டான் மனுஷன் என்று ஒரு வாரம் புழுங்கினார். அப்புறம் ஒரு நாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது ஆவுடை தலை நிமிராமலே சொன்னாள்: “அவுக அம்மைக்கு அந்த ஊருதானாம். யூதரைக் கொன்ன காலமாம், ஒன்பது வயசில கழுத்தில பேரெழுதின ஒரு அட்டையைக் கட்டித் தொங்கவிட்டு ரயில் ஏத்தி விட்டாகளாம். ஏத்திவிட்டவுக ஒருத்தர்கூட மிஞ்சலையாம்.” பிள்ளை எழுந்து போய் முற்றத்துக் குழாயை இறுக்கி மூடினார், சொட்டவே இல்லாத குழாய். அதற்குப் பிறகு வியன்னாவைப் பற்றி அந்த வீட்டில் பேச்சில்லை. ஒரு ஊரை வேண்டாம் என்பதற்கு இப்படியும் ஒரு காரணம் இருக்கமுடியுமா. நம்முடைய காரணமெல்லாம் கொழுப்பு, எலும்பு, கன்றுக்குட்டி. அதை நினைத்தால் மரத்துப்போன கன்னத்துக்கு உள்ளே எங்கேயோ, மருந்து போய்ச் சேராத ஒரு மூலையில், சுருக்கென்றது.

கடைசியாகத்தான் ஆன்ட்வெர்ப் வந்தது. வைரம் அறுக்கிற ஊர். லண்டனிலிருந்து ரயிலிலேயே வந்துவிடலாம். தெருவுக்குத் தெரு யூதர் கடை. அது மட்டுமா, வைர வியாபாரத்துக்குப் போன குஜராத்திச் சமணர்களும் அங்கே மெத்த உண்டாம், வெங்காயத்தைக்கூடத் தொடாதவர்கள், கோயிலே கட்டி வைத்திருக்கிறார்களாம். அவர்களுக்கும் தோது, நமக்கும் தோது. இங்கேதான் பிள்ளைக்குச் சந்தேகம் வந்தது. பத்துப் பொருத்தமும் கூடி வருகிற ஜாதகத்தைக் கொண்டுவந்து நீட்டினால் முதலில் ஜாதகம் எழுதினவன் யார் என்று கேட்கவேண்டாமா? இப்படி ஒரு ஊர் இயற்கையிலேயே இருக்குமா, அல்லது இந்த இரண்டு பொம்பளைகளும் நமக்காகக் கட்டிவைத்ததா? கேட்டிருக்கவேண்டும். கேட்காமல் வாயைக் கொடுத்துவிட்டார். அவர்களில் பால் ஹோட்டல் என்று ஒன்று உண்டு, அதற்குள் கறியைக் கொண்டு நுழையவே முடியாது என்று லிங்கம் சொன்னதாக ஆவுடை சொன்ன மாத்திரத்தில், ‘கறியே நுழையாதா? அப்ப அது சைவ ஹோட்டல்லா. அங்கன்னா வாரேன்’ என்று சொல்லிவிட்டார். சொன்ன நிமிஷத்திலிருந்து தூக்கம் போயிற்று. ஆன்ட்வெர்ப் அந்த பெல்ஜியத்தில்தான் இருக்கிறது, பிரஸ்ஸல்ஸை எதற்காகத் தட்டினோமோ அதே மாட்டுக்கொழுப்பு அங்கேயும் கொதிக்கும் என்று அட்லஸைப் பார்த்துக் கண்டுபிடித்தது நேற்றுத்தான். இன்றைக்குச் சொல்லலாம் என்று பதுக்கி வைத்திருந்தார். சொல்ல வாயில்லை. பஞ்சு.

போக வேண்டும் என்று ஆசையா, போகக்கூடாது என்று ஆசையா, அதைச் சொல்லு கோமதிநாயகம். போனால் என்ன ஆகும். ரயிலடியில் அந்தக் குழந்தை தள்ளுவண்டியில் வரும். போட்டோவில் பார்த்திருக்கிறார், ஆவுடை குளிக்கப்போகிற நேரம் அவள் போனை எடுத்துப் பார்த்திருக்கிறார், கீழ்வரிசையில் இரண்டு பல், ஆய்வாளர் மாதிரியே ஒரு பார்வை, யாரையும் நம்பாத பார்வை. அது இவரைப் பார்த்து வீறிட்டு அழும். அழுமா? அந்த ஹைமனிடம் சிரித்துக்கொண்டே போகும். ஏனென்றால் அவர் ஏற்கெனவே ரகசியமாகப் போய்ப் பார்த்திருப்பார், ஒரே தேசம்தானே, லீட்ஸிலிருந்து ரயிலேறினால் சாப்பாட்டு வேளைக்குள் லண்டன். வாசப்படியை மிதிக்கமாட்டேன் என்றுதானே சொன்னார், பூங்காவில் பார்க்கமாட்டேன் என்று சொல்லவில்லையே. இப்படி ஒரு ஓட்டை நம் சபதத்திலும் இருந்ததா என்று பிள்ளை தேடிப்பார்த்தார். இல்லை. ஓட்டை இல்லாமல் சபதம் போட்ட முட்டாள்.

“என்னது, மீனா?” என்றாள் ஆவுடை போனில். பிள்ளை நிமிர்ந்தார். “இரு, சத்தமா வைக்கேன், எனக்கு விளங்கல” என்று எதையோ அமுக்க, லிங்கத்தின் குரல் அறை பூராவும் வந்தது. “லியா அப்பா இப்ப ஒரு குண்டைத் தூக்கிப் போட்டுட்டாரும்மா. அந்தப் பால் ஹோட்டல் வேண்டாங்காரு. அங்க மீன் உண்டாம். கறிதான் நுழையாதாம். மீனு அவங்க கணக்கில கறியே கிடையாது. எனக்கே தெரியல, நான் ஒழுங்காக் கேக்கல.” ஆவுடை தொட்டியில் இருந்த மீனைப் பார்த்தாள். பிள்ளையும் பார்த்தார். மீன் கறி இல்லையாம். அப்போது அது என்ன, நெத்திலி என்பது தண்ணீரில் முளைக்கிற காயா? லிங்கம் சொல்லிக்கொண்டே போனான்: “அவரு சொன்னதை அப்படியே சொல்லுதேன் கேளு. அந்தப் பெரியவர் என்னை நம்பி மேசையில வந்து உக்காந்து, அடுத்த மேசையில மீன் வந்தா அவருக்குச் சாப்பாடு இறங்குமா? முன்னக்கூட்டியே சொல்லாம அவரைக் கூட்டிட்டு வந்தா அது ஏமாத்து. மீன் வாடையே இல்லாத இடம் கிடைச்சாச் சொல்லு, இல்லைன்னா இந்த ஊர் வேண்டாம். இதாம்மா சொன்னாரு.”

பிள்ளையின் மனசு அங்கேயே கால் தடுக்கி நின்றது. எதற்குச் சொன்னார்? சொல்லாமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் பார். நான் போயிருப்பேன். உட்கார்ந்திருப்பேன். மீனைப் பார்த்து எழுந்திருப்பேன். எழுந்தது நான், கெடுத்தது நான், சம்பந்தி சபையில் பழி என் தலையில். அவருக்கு முழு வெற்றி, ஒரு சொட்டு வியர்வை இல்லாமல். அதை விட்டுவிட்டு வலிய வந்து சொல்கிறார். தட்டிக்கழிக்க இதுவும் ஒரு உபாயமோ? இருக்கலாம். என் சைவத்தைக் காட்டித் தான் தப்பிக்கப் பார்க்கிறாரோ? இருக்கலாம். ஆனால் இத்தனை வருஷ சர்வீஸில், தராசுத் தட்டைத் தானே கவிழ்த்து, இதோ இங்கே புளி இருக்கிறது பாருங்கள் என்று காட்டின கடைக்காரனை அவர் பார்த்ததில்லை. ஒருத்தனைக்கூடப் பார்த்ததில்லை. இந்த ஆளைச் சந்தேகப்படுவதற்கு ஒரு பிடி வேண்டுமே, எங்கே பிடிப்பது. அவர்களில் சமையலறையில் நிற்பதற்கென்றே ஒரு ஆள் உண்டாம், சமைக்கமாட்டார், பரிமாறமாட்டார், எல்லாவற்றையும் சந்தேகப்பட்டுப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் வேலை, அதற்குச் சம்பளமாம். இதைக் கேள்விப்பட்ட அன்று பிள்ளை தன்னையறியாமல் ‘அடடா’ என்றார். அப்படி ஒரு உத்தியோகம் பிறந்த ஊரில் பிறக்காமல் போனோமே என்று ஒரு கணம் பொறாமைகூட வந்தது. சந்தேகப்படத் தெரியாத மனுஷன் கையால் எப்படிச் சாப்பிடுவது? என் பெற்ற மகன், எனக்குச் சோறு போடக் கூப்பிடுகிறவன், மீன் உண்டா என்று கேட்கவில்லை. யாரோ ஒரு கண்ணாடிக் கடைக்காரர், என் முகத்தைப் பார்க்காதவர், எனக்காகக் கேட்டிருக்கிறார்.

“சரி, விடு லிங்கம்” என்றாள் ஆவுடை. அந்தக் குரலைப் பிள்ளை கேட்டதில்லை. கோபம் இல்லை, சலிப்பு இல்லை, விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கிறவள் குரல். “ரூம் வேண்டாம்னு சொல்லிரு. அவுக வர மாட்டாக, இவுகளும் வர மாட்டாக. ஊரு இருந்தாத்தானே. பிள்ளைக்கு நீங்களே வீட்டில வச்சு ஊட்டிருங்க. நாள் போயிக்கிட்டே இருக்கு, பிள்ளையைப் பட்டினி போடவா முடியும். ஒரு போட்டோ அனுப்பு, போதும்.” இது நடிப்பு. நிச்சயம் நடிப்பு. என்னை உசுப்பிவிடச் செய்கிற வேலை. பிள்ளை அவள் முகத்தை ஆராய்ந்தார், அடியில் எங்கேயாவது ஒட்டியிருக்கிறதா என்று. மடியில் மூடிக்கிடந்த பையை அவள் இன்னொரு தடவை இழுத்து மூடினாள். இதையும் நடிக்க முடியுமா? அவளால் முடியும். முடியாது. அவர் கையை வீசினார், இல்லை என்றார், உள்ளங்கையை நெளித்து மீன் மாதிரி காட்டி, அதைத் தள்ளிவைக்கிற மாதிரி காட்டினார். “அப்பா என்னம்மா சொல்லுதாக?” என்றான் லிங்கம். “பாம்புங்காக” என்றாள் ஆவுடை. “வேண்டாங்காக. வச்சிருதேன்.”

அவள் பெருவிரல் போனின் மேல் இறங்குவதைப் பிள்ளை பார்த்தார். பஞ்சு அவர் உள்ளங்கையில் வந்து விழுந்தது, சிவப்பாக. போன் எப்படி அவர் கைக்கு வந்தது என்று அவருக்கே தெரியாது. “ஏல!” என்றார். பாதி உதடு ஒத்துழைக்காமல் அது “ஏவ” என்று வந்தது. “மீனுக்காக ஊரை மாத்துவாகளாலே? ஹோட்டலே வேண்டாம். அடுக்களையோட ஒரு வீடு எடு. புதுப் பானை வாங்கு, கடைக்காரன் சொன்னான்னு நம்பாதே, ஒட்டின காகிதம் பிரியாம வாங்கு. அதை அவரு ஆசாரப்படி எந்தத் தண்ணியில முக்கணுமோ முக்கட்டும். அரிசி நான் கொண்டாரேன். அதை அவரு பொறுக்கட்டும், கண்ணாடிக் கடைக்காரர்தானே, ஒவ்வொரு மணியாப் பார்த்துப் பொறுக்கட்டும். அடுப்புக்கு இந்தப் பக்கம் நான் நிப்பேன், அந்தப் பக்கம் அவரு நிக்கணும். சோறு வேகற வரைக்கும் ரெண்டு பேரும் கண்ணை எடுக்கப்படாது. கேட்டியாலே? நான் அவரை நம்பல, அவரு என்னை நம்ப வேண்டாம்னு சொல்லு. அப்பத்தான் சோறு சுத்தமா இருக்கும். ஆன்ட்வெர்ப்புனே எழுதிக்கோ.” உதட்டோரம் எச்சிலும் ரத்தமும் வழிந்து சட்டைப்பையில் சொட்டியது. போன் துண்டித்துப்போயிற்றோ என்று காதில் வைத்து அழுத்தினார். அப்புறம் மெதுவாக, ரொம்பத் தூரத்திலிருந்து, “எப்பா?” என்று வந்தது. “எப்பா, நீங்களா பேசுதிய?”

“பின்ன, டாக்டரம்மாவா?” என்று சொன்ன பிறகுதான், இரண்டு வருஷமாகக் கட்டிக் காத்த ஒன்று போய்விட்டது என்பது பிள்ளைக்கு உறைத்தது. போனைத் தீயைத் தொட்டவர் மாதிரி ஆவுடை மடியில் போட்டார். சத்தம் கேட்டு ஓடிவந்த ஜெபக்கனி டாக்டர், “என்ன ஐயா நீங்க, சின்னப்பிள்ளைக்குச் சொல்லுத மாதிரி சொன்னேன்லா? ரத்தம் நிக்கவே இல்ல, பாருங்க” என்று வைதுகொண்டே வேறு பஞ்சை வைத்து, தாடையைக் கையால் பிடித்து மூடினாள். “முதல்லருந்து அரை மணி நேரம்.” அவள் போன பிறகு ஆவுடை போனை எடுத்து, “சரில, அப்பா சொன்னதைக் கேட்டேலா, அதான்” என்று மட்டும் சொல்லி வைத்தாள். வைத்துவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா? சிரிக்கிறாளா? கையால் காட்டினது மீன் என்று முதலிலேயே தெரியுமோ இவளுக்கு? பாம்பு என்றது வேண்டுமென்றே சொன்னதோ? அந்தக் கண்ணாடிக்கடைக்காரருக்கே இவள்தான் கோலம் அனுப்பிச் சொல்லிக்கொடுத்தாளோ? பிள்ளை எட்டிப் பார்த்தார், முகம் தெரியவில்லை. கேட்கலாம் என்றால் வாயில்லை. பஞ்சை இறுக்கிக் கடித்துக்கொண்டு, அந்தக் குலுங்குகிற தோளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நடந்தது இவ்வளவுதான். யாரிடம் வேண்டுமானாலும் எடுத்துச் சொல்லுங்கள், தடையில்லை. எங்கே கேட்டீர்கள் என்று யாராவது துருவினால் பஸ்ஸில் பின் ஸீட்டில் யாரோ பேசிக்கொண்டு வந்தார்கள், இறங்கிப்போய்விட்டார்கள் என்று சொல்லிவிடுங்கள். என் பேர் மட்டும் உங்கள் வாயில் வரக்கூடாது.